டோலக் சாம்பிள் கோப்புகள்: வேவ், எஸ்எஃப்2, என்கேஐ, ரெக்ஸ் – எதை வைத்துக்கொள்வது?

தண்டையார்பேட்டை_தாளம்

வணக்கம். எங்கள் தெருவில் இன்னிசைக் குழுக்களுக்குக் கீபோர்டு வாசித்துவந்த பெரியவர் ஒருவர், இனி மேடை ஏறப்போவதில்லை என்று சொல்லி, தம்மிடம் சேர்ந்திருந்த சாம்பிள்களை, அதாவது வாசிக்கப் பயன்படும் பதிவுசெய்த ஒலிகளை எல்லாம் ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். டோலக், தபேலா, பேங்கோஸ், பறை, நாதஸ்வரம் என்று ஃபோல்டர் ஃபோல்டராக இருக்கிறது. கானாப் பாட்டுக்குத் தாளம் சேர்த்துக் கொடுப்பவன் நான். எனக்கு இது பெரிய சொத்து. ஆனால் பாதிக் கோப்புகள் திறக்கவே இல்லை.

இருப்பவை வேவ், ஏஐஎஃப்எஃப், எம்பி3, எஸ்எஃப்2, ஆர்எக்ஸ்2 (ரெக்ஸ்), என்கேஐ. 'டோலக் மெயின்' என்ற என்கேஐ கோப்பு 300 கேபிகூட இல்லை. திறந்தால் சாம்பிள்களைக் காணவில்லை என்கிறது. வேவ் கோப்புகள் சில சுருதி இறங்கி, சோம்பலாக ஒலிக்கின்றன. 'அகாய்' என்று எழுதிய சிடிக்கள் சில இருக்கின்றன. கணினி அவற்றை வெற்று வட்டு போலவே நடத்துகிறது. நான் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் பயன்படுத்துகிறேன், மடிக்கணினியில் 8 ஜிபி ரேம். எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கிவிட்டால் இடமும் மிச்சம், தொல்லையும் தீரும் என்கிறான் நண்பன். செய்யலாமா?

மேடைப்பேடு

தாராளமாகச் செய்யலாம். திருவொற்றியூர் திருவிழாவில் கம்பத்தில் கட்டிய ஹார்ன் ஸ்பீக்கரில் எம்பி3 எது, வேவ் எது என்று யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்? 320 கேபிபிஎஸ் எம்பி3யாக மாற்றி, பென் டிரைவில் போட்டு, வேலையைப் பாருங்கள்.

ஒலிக்காரி_பெரம்பூர்

தம்பி, ஒன்றையும் மாற்றாதீர்கள். முதலில் அந்த ஹார்டு டிஸ்கை இன்னொன்றில் அப்படியே நகலெடுத்து வையுங்கள். ஃபோல்டர் பெயரைக்கூடத் திருத்த வேண்டாம். ஏன் என்பது என்கேஐ பற்றிப் பேசும்போது புரியும்.

மேடைப்பேடு அண்ணா, நீங்கள் சொல்வது பாட்டைக் கேட்பதற்குச் சரி. சாம்பிளுக்குச் சரிவராது. எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் (ஒலியை அளந்த எண்கள்) கொண்ட சட்டங்களாக வெட்டித்தான் சேமிக்கிறது. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் நான்கு தட்டு லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) என்றால் சரியாக 2 வினாடி, 44.1 கிலோஹெர்ட்ஸில் 88,200 மாதிரிகள். 1152ஆல் வகுத்துப் பாருங்கள், 76 போக மீதி வருகிறது. ஆகவே 77ஆவது சட்டத்தில் மிச்ச இடத்தை வெற்றொலியால் நிரப்பியே தீர வேண்டும். இது வால் பக்கம். தலைப் பக்கம் எம்பி3 ஆக்கும் லேம் என்கோடர் 576 மாதிரிகள் தாமதம் சேர்க்கிறது, அதைத் திறந்து ஒலிக்கவிடும் டிகோடர் தன் பங்குக்கு 529. மொத்தம் 1105, அதாவது 25 மில்லிவினாடி. இந்தக் கணக்கைக் கோப்பின் தலைப்பிலிருந்து (ஹெடர்) படித்து வெட்டிக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு, கண்டுகொள்ளாதவையும் உண்டு. கண்டுகொள்ளாத ஒன்றில் டோலக் லூப்பை ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் ஒரு கணம் கால் இடறும். ஹார்ன் ஸ்பீக்கரில் தரம் தெரியாது, இடறல் தெரியும். ஆடிக்கொண்டிருப்பவருக்கு நிச்சயம் தெரியும்.

இன்னொன்று. நீங்கள் தட்டி வாசிக்கும் மின்னணுப் பேடு ரோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸ் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அது வேவையும் ஏஐஎஃப்எஃப்பையும்தானே வாங்குகிறது?

மேடைப்பேடு

அது பேடு. நான் சொன்னது மடிக்கணினிக்கு.

யார்டுகாரன்

பகலில் கண்டெய்னர் யார்டில் பட்டியல் சரிபார்ப்பவன், இரவில் சாம்பிள் சேர்ப்பவன். அதனால் எனக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்கிறேன். தம்பி வைத்திருக்கும் கோப்புகளில் இரண்டு சாதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று சரக்கு, இன்னொன்று சரக்குப் பட்டியல். வேவ், ஏஐஎஃப்எஃப், எம்பி3 எல்லாம் சரக்கு. உள்ளே இருப்பது ஒலி. என்கேஐ என்பது பட்டியல்: எந்த ஒலி எந்தக் கட்டையில், எவ்வளவு வேகமாக அழுத்தினால், எந்தச் சுருதியில் வர வேண்டும் என்ற விவரம் மட்டும். 300 கேபியில் பட்டியல்தான் அடங்கும், டோலக் அடங்காது. எஸ்எஃப்2 மட்டும் இரண்டையும் ஒரே பெட்டியில் பூட்டி வைத்திருப்பது.

ஆகவே 'டோலக் மெயின்' கோப்பில் கோளாறு எதுவும் இல்லை. அது தேடும் ஃபோல்டர் வேறெங்கோ இருக்கிறது. அதே டிஸ்கில் என்சிடபிள்யூ என்று முடியும் கோப்புகள் இருக்கின்றனவா பாருங்கள். என்கேஐயைத் திறக்கும் கான்டாக்ட் மென்பொருள் தனக்கென்று வைத்திருக்கும் தர இழப்பில்லாச் சுருக்கம் அது. இருந்தால் பட்டியலுக்கு வழி காட்டிவிடலாம். ஃபோல்டர் பெயரை மாற்ற வேண்டாம் என்று அக்கா சொன்னது இதற்காகத்தான்.

தண்டையார்பேட்டை_தாளம்

இருக்கிறது அண்ணா! 'பழசு' என்ற ஃபோல்டருக்குள் 'சாம்பிள்ஸ்' என்று ஒன்று, அதற்குள் நிறைய என்சிடபிள்யூ. வழி காட்டியதும் டோலக் ஒலித்தது. ஆனால் சற்று நேரத்தில் தானே நின்றுவிட்டது.

யார்டுகாரன்

கான்டாக்டின் இலவசப் பிளேயரில் திறந்திருப்பீர்கள். நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் உரிமம் பெற்ற தொகுப்புகள்தான் அதில் தடையின்றி ஓடும். மற்றவை 15 நிமிடம் ஓடும், பிறகு வாய் மூடும். முழுப் பதிப்பை விலை கொடுத்து வாங்கினால் தீரும். அதோடு புதிய பதிப்பில் சேமித்த என்கேஐ பழைய பதிப்பில் திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். இதனால்தான் நானே சேர்க்கும் எதையும் அந்த வடிவத்தில் வைப்பதில்லை.

பழையகீபோர்டு

தம்பிக்கு ஆசிகள். அந்த அகாய் சிடிக்களைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அகாய் எஸ்1000 என்ற சாம்ப்ளர் 1988இல் வந்தது. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. அன்று அது கைக்கு வருவதே பெரிய பாடு. வாடகைக்கு எடுத்து வாசித்தவர்கள்தான் அதிகம். அந்த இயந்திரம் வட்டில் எழுதும் முறையே வேறு. விண்டோஸ் அறிந்த முறை அது அல்ல; வட்டு நிறைய ஒலி இருந்தாலும் கணினிக்குத் தெரியாது. முதலில் வட்டை அப்படியே இமேஜ் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சிடி நாளாக நாளாகக் கெட்டுப்போகும் பொருள். பிறகு அகாய் வடிவத்தைப் படிக்கும் மாற்றி மென்பொருளால் வேவ் ஆக்கிக்கொள்ளலாம். சிக்கன் சிஸ்டம்ஸின் டிரான்ஸ்லேட்டர் இதற்கென்றே இருப்பது.

எஸ்எஃப்2, அதாவது சவுண்ட்ஃபான்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஈ-மியூவும் கிரியேட்டிவும் சேர்ந்து கொண்டுவந்தது. 1994இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ32 என்ற கணினி ஒலி அட்டையோடு சவுண்ட்ஃபான்ட் என்ற பேச்சு நம் பக்கம் வந்து சேர்ந்தது. அட்டையில் இருந்த ரேம் 512 கேபி. அதற்குள் ஒரு நாதஸ்வரத்தை அடைக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? ஊதத் தொடங்கும் கணத்தை மட்டும் முழுதாக வைத்துக்கொண்டு, நீளும் ஓசையில் சின்னஞ்சிறு துண்டு ஒன்றைச் சுழலவிடுவோம். அந்தச் சுழல் புள்ளியைக் காது வைத்துத் தேடுவதிலேயே இரவு போய்விடும். உங்கள் டிஸ்கில் இருக்கும் எஸ்எஃப்2 நாதஸ்வரத்தை நீட்டிப் பிடித்தால் ஓர் அதிர்வு திரும்பத் திரும்ப வருவது கேட்கும். அது பழுது அல்ல, இடம் இல்லாத காலத்து வேலைப்பாடு.

பாலிஃபோன் என்ற இலவச மென்பொருளில் திறந்து, உள்ளே இருப்பவற்றை வேவாக வெளியே எடுக்கலாம்.

தண்டையார்பேட்டை_தாளம்

மிக்க நன்றி ஐயா. பாலிஃபோனில் திறந்துவிட்டேன். நீங்கள் சொன்ன அதிர்வும் கேட்டது. சுருதி இறங்கி ஒலிக்கும் வேவ் கோப்புகளுக்கு என்ன வழி?

ஒலிக்காரி_பெரம்பூர்

என்ன சாம்பிள் ரேட்டில் (வினாடிக்கு எத்தனை ஆயிரம் மாதிரிகள்) சேமித்தது என்று கோப்பின் பண்புகளில் பாருங்கள்.

தண்டையார்பேட்டை_தாளம்

44.1 என்று காட்டுகிறது அக்கா.

ஒலிக்காரி_பெரம்பூர்

48இல் பதிவுசெய்துவிட்டு, எங்கோ ஒரு கட்டத்தில் தலைப்பில் 44.1 என்று தவறாக எழுதப்பட்டிருக்க வேண்டும். சோதித்துப் பார்க்க வழி உண்டு: அப்படி நடந்திருந்தால் சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கியிருக்கும், 100 வேகத்து லூப் 92க்குச் சற்றுக் குறைவாக ஓடும். அளந்து பாருங்கள். பொருந்தினால் மருந்து எளிது, ஆனால் இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். கோப்பை 48க்கு 'மாற்ற'க் கூடாது. மாற்றினால் மென்பொருள் இப்போதைய தவறான சுருதியை அப்படியே காப்பாற்றி, நடுவில் புதிய மாதிரிகளைக் கணக்கிட்டுச் சேர்க்கும். நமக்கு வேண்டியது தலைப்பில் உள்ள எண்ணைத் திருத்துவது மட்டும். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் டிராக்கின் பட்டியலில் 'ரேட்' என்ற இடத்தில் 48000 என்று தேர்ந்தெடுத்தால் ஒலி ஏறி நிற்கும். ரீசாம்பிள் என்ற கட்டளை வேறு, அதைத் தொடாதீர்கள். புராஜெக்ட்டின் ரேட்டையும் 48000 வைத்துக்கொண்டு வேவாக வெளியேற்றுங்கள்.

ஒலி எண்களை மாற்றாமல் தலைப்பை மட்டும் திருத்த முடிவதற்குக் காரணம் வேவ் கோப்பின் கட்டமைப்பு. மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991இல் வெளியிட்டபோதே அதைத் துண்டு துண்டாக அடுக்கினார்கள். சாம்பிள் ரேட், பிட், மோனோவா ஸ்டீரியோவா என்பவை ஒரு துண்டில். ஒலி இன்னொரு துண்டில். இவை தவிர, இருந்தால் இருக்கலாம் என்ற வகைத் துண்டுகளும் உண்டு. அடிப்படைச் சுரம் எது, லூப் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்லும் துண்டு ஒன்று. லூப்பின் வேகம், தட்டுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் 'ஆசிட்' துண்டு மற்றொன்று. தனக்குப் புரியாத துண்டை ஒரு மென்பொருள் தாண்டிப் போய்விடும், அதனால் எங்கும் ஒலிக்கும். ஆனால் அதே மென்பொருளில் திறந்து சேமித்தால் அந்தத் துண்டு காணாமல் போய்விடலாம். லூப் புள்ளி வைத்த நாதஸ்வரத்தை ஏதோ ஒரு எடிட்டரில் சும்மா திறந்து சேமித்துவிட்டு, சுழலவில்லையே என்று கேட்பவர்கள் மாதம் ஒருவராவது வருகிறார்கள்.

ஏஐஎஃப்எஃப் இதற்கு அண்ணன், 1988இல் ஆப்பிள் கொண்டுவந்தது. எண்களை எழுதும் வரிசை தலைகீழ், அவ்வளவுதான். தரத்தில் ஏற்றத்தாழ்வு கிடையாது, ரீப்பர் இரண்டையும் திறக்கும். அவற்றை அப்படியே விடுங்கள்.

மேடைப்பேடு

பேச்சு வந்ததால் கேட்கிறேன். ஒருவரிடம் '24 பிட் டோலக் தொகுப்பு' என்று காசு கொடுத்து வாங்கினேன். ஒன்றுகூடப் பேடில் ஏறவில்லை.

ஒலிக்காரி_பெரம்பூர்

உங்கள் பேடு 16 பிட், 44.1இல் வேலை செய்வது. ஒரு நகலை 16 பிட்டுக்கு இறக்கி, டிதர் (பிட் குறைக்கும்போது வரும் பிழையை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) சேர்த்து ஏற்றுங்கள். மூலத்தை 24லேயே வைத்திருங்கள். 16 பிட்டுக்கு 96 டெசிபல், 24க்குக் கோட்பாட்டளவில் 144. மேடைக்கு 96 தாராளம்.

அந்தத் தொகுப்பை ஆடாசிட்டியில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியில் ஒருமுறை பாருங்கள். டோலக்கின் சன்னப் பக்க அடியில் சத்தம் மேலே 20 கிலோஹெர்ட்ஸ் வரை சிதறும். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தரித்தாற்போல் கறுப்பாக இருந்தால், 128 கேபிபிஎஸ் எம்பி3யை வேவ் ஆக்கி விற்றிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

மேடைப்பேடு

பார்த்தேன். 16இல் கோடு போட்டு வெட்டியிருக்கிறது. நாளைக்கு அவனிடம் பேசுகிறேன்.

வியாசை_பறை

கோப்பு வடிவம் பற்றி இவ்வளவு பேச்சு. பறையை எப்படிப் பதிவுசெய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. தம்பியிடம் இருக்கும் பறை சாம்பிள் எப்படி இருக்கிறது?

தண்டையார்பேட்டை_தாளம்

ஒரே ஓர் அடிதான் அண்ணா. வேகமாக வாசித்தால் இயந்திரத் துப்பாக்கி போல ஒலிக்கிறது.

வியாசை_பறை

அதுதான் கேட்டேன். ஓர் அடியை வைத்துக்கொண்டு பறை வாசிக்க முடியாது. அடிக்குச்சி ஓர் ஒலி, சிண்டுக்குச்சி ஓர் ஒலி, இரண்டும் சேர்ந்து விழுந்தால் இன்னோர் ஒலி. ஒவ்வொன்றிலும் மெல்லிய அடியிலிருந்து ஓங்கிய அடிவரை நாலு நிலை. ஒவ்வொரு நிலையிலும் நாலு முறை அடிக்க வேண்டும், ஏனென்றால் ஒரே கை ஒரே மாதிரி இரண்டு தரம் அடிக்காது. மொத்தம் 48 அடிகள்.

பறைத் தோலைத் தீயில் காய்ச்சிய கையோடு பதிவைத் தொடங்குங்கள். காசிமேட்டுக் கடல் காற்றில் தோல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வரும். மெல்லிய அடிகளை எல்லாம் முதலில் முடித்துவிட்டு ஓங்கிய அடிகளுக்கு வந்தால், மெல்லியவை சுருதி ஏறியும் ஓங்கியவை இறங்கியும் இருக்கும். சேர்த்து வாசிக்கும்போது இரண்டு பறை போலக் கேட்கும். ஒரு குச்சிக்கு நாலு நிலையையும் முடியுங்கள், மறுபடி காய்ச்சுங்கள், அடுத்த குச்சிக்குப் போங்கள். பகலில் லாரி ஹாரன் விடாது. இரவு வைத்துக்கொள்ளுங்கள்.

யார்டுகாரன்

இதைத்தான் எஸ்எஃப்இசட் வடிவத்தில் அழகாக எழுதலாம். ஆர்ஜிசி ஆடியோவைச் சேர்ந்த ரெனே செபாயோஸ் உருவாக்கியது. பட்டியல் வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறக்கலாம். சரக்கு பக்கத்தில் வேவாகவோ ஃபிளாக்காகவோ இருக்கும். ஃபிளாக் தரம் இழக்காமல் சுருக்குவது. டிஸ்கில் இடம் மிச்சமாகும். தசமப் புள்ளி எண்களில் சேமித்த ஃபுளோட் வேவை மட்டும் அதில் அடைக்க முடியாது.

48 அடிகள், அடிக்கு 2 வினாடி, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ என்றால் ஓர் அடி 288 கேபி, மொத்தம் 14 எம்பிக்குள். ஒரே மைக்கில் பதிவுசெய்ததை ஸ்டீரியோவாகச் சேமிப்பவர்கள் இதை இரட்டிப்பாக்கி வைத்திருக்கிறார்கள், பலன் ஏதுமில்லை.

இங்கே தமிழில் எழுதுகிறேன், கோப்பில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடிக்கும் 'ரீஜன்' என்று ஒரு பத்தி. அதில் சாம்பிள் = கோப்பின் பெயர், கீ = 60 (இரண்டாம், மூன்றாம் குச்சி ஒலிகளுக்கு வேறு வேறு எண்). மெல்லிய நிலைக்கு லோவெல் = 1, ஹைவெல் = 40 (அழுத்தும் வேகத்தின் கீழெல்லை, மேலெல்லை). அடுத்த நிலைக்கு 41 முதல் 75, பிறகு 76 முதல் 105, கடைசியாக 106 முதல் 127. நாலு மாற்று அடிகளுக்கும் செக்_லெங்க்த் = 4; செக்_பொசிஷன் முதல் அடிக்கு 1, அடுத்ததற்கு 2 என்று 4 வரை. அவ்வளவுதான், ஒவ்வொரு தட்டலுக்கும் அடுத்த அடி மாறி மாறி வரும். பிளோக் நிறுவனத்தின் ஸ்ஃபோர்ஸாண்டோ, திறந்த மூலத்தில் உள்ள ஸ்ஃபிஸ் இரண்டுமே இலவசம். ரீப்பரில் பிளக்-இன்னாக ஏற்றலாம்.

பழையகீபோர்டு

டோலக்குக்கு ஒரு சொல். இடப்பக்கம் உள்ளங்கையை இழுத்து எழுப்பும் கும்கியை ஒரே ஒரு முறை பதிவுசெய்து கட்டைகள் முழுக்கப் பரப்பிவிடாதீர்கள். மேல் கட்டையில் சுருதியோடு இழுப்பும் வேகமாகிவிடும், கீழே இறங்கினால் இழுப்பு மாவாக நீளும். எந்தக் கையும் அப்படி இழுக்காது. நீண்ட கும்கி, குறுகிய கும்கி, இறங்கும் கும்கி என்று தனித்தனியாக வாங்கி, தனித்தனிக் கட்டையில் வையுங்கள்.

தண்டையார்பேட்டை_தாளம்

இரவு முழுக்க உட்கார்ந்து எழுதினேன். வீட்டுக் கணினியில் நன்றாக ஓடுகிறது. நண்பனின் லினக்ஸ் கணினியில் பாதி அடிகள் ஊமை. இன்னொரு சந்தேகம்: மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடை லூப்புகளுக்கு மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்கும் வேகம் பொருந்தவே இல்லை.

யார்டுகாரன்

பட்டியலில் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கியிருப்பீர்கள், கோப்பு சிறிய எழுத்தில் இருக்கும். விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும், லினக்ஸ் பொறுக்காது. எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் வையுங்கள். பெயரில் இடைவெளி வேண்டாம். ஃபோல்டரைப் பிரிக்க முன்சாய்ந்த கோடே போடுங்கள், அது எங்கும் செல்லும். கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் சில பழைய மென்பொருள்கள் விழிக்கும், அதனால் மனமில்லாமல்தான் நானும் ஆங்கிலத்தில் வைக்கிறேன்.

கட்டையைப் பெயரால் எழுதாமல் 60 என்று எண்ணாலேயே எழுதுங்கள். அதே நடுக் கட்டையை ரோலண்ட் சி4 என்கிறது, யமஹா சி3 என்கிறது. பெயரால் எழுதினால் யாராவது ஒருவருக்கு டோலக் ஒரு ஸ்தாயி தள்ளி விழும்.

ஒலிக்காரி_பெரம்பூர்

திஸ்ர நடைக்கு: பல மென்பொருள்கள் லூப்பின் நீளத்தைப் பார்த்து, நாலு தட்டோ எட்டுத் தட்டோ இருக்கும் என்று ஊகித்து வேகத்தைச் சொல்கின்றன. ஆறு தட்டு லூப்பை எட்டு என்று எடுத்துக்கொண்டால், 90 வேகத்தை 120 என்று காட்டும். லூப்பில் எத்தனை தட்டு என்று நீங்களே எண்ணிக் கையால் எழுதிவிடுங்கள். ஆர்எக்ஸ்2 கோப்புகள் வேறு மாதிரி: அவை ஒவ்வோர் அடியாக வெட்டி வைத்தவை. வேகத்தைக் கூட்டினால் துண்டுகள் நெருங்கி வருமே தவிர ஒலி நீளாது, சுருங்காது. டோலக்குக்கு அது மிகவும் நல்லது. ஒருவேளை பிற்பாடு திறக்காமல் போனால் என்ற அச்சம் இருந்தால் துண்டுகளை வேவாக எடுத்து வையுங்கள்.

வியாசை_பறை

வாசித்தவர் பெயர் எங்கே போகிறது? இதுவரை நான் கேட்ட எந்தத் தொகுப்பிலும் டோலக் அடித்தவர் பெயரைப் பார்த்ததில்லை. தயாரித்தவர் பெயர் மட்டும் பெரிதாக இருக்கிறது.

ஒலிக்காரி_பெரம்பூர்

நியாயமான கேள்வி. வேவிலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997இல் கொண்டுவந்த பிராட்காஸ்ட் வேவில் விவரத் துண்டு ஒன்று உண்டு. குறிப்புக்கு 256 எழுத்துகள், உருவாக்கியவர் பெயருக்கு 32, தேதிக்கும் நேரத்துக்கும் தனி இடம். ஆங்கில எழுத்துகளுக்காக வகுத்தது, தமிழில் எழுதினால் சில இடங்களில் சிதையும். ஆகவே துண்டில் ஆங்கிலத்தில் எழுதி, ஃபோல்டரில் தமிழில் ஓர் எழுத்துக் கோப்பும் வையுங்கள்: வாசித்தவர், இடம், கருவி, யார் யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி. அந்தப் பெரியவரின் டிஸ்கில் விலைக்கு வாங்கிய தொகுப்புகளும் கலந்திருக்கும். அவற்றைப் பாட்டில் பயன்படுத்துவது வேறு, கோப்பாகவே பிறருக்குக் கொடுப்பது வேறு, பிரித்து வையுங்கள்.

தண்டையார்பேட்டை_தாளம்

பெரியவரிடமே கேட்டுப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். 'பழசு' ஃபோல்டரில் உள்ள டோலக் அவரே பதிவுசெய்தது, வாசித்தவர் கொருக்குப்பேட்டைக்காரர், இப்போதும் அங்கேதான் இருக்கிறாராம். வியாசை அண்ணா, பறைப் பதிவுக்கு உங்களிடம் வரலாமா? என்னிடம் ஒரு மைக்கும் இரண்டு உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸும் இருக்கின்றன.

வியாசை_பறை

வா. காய்ச்சுவதற்கு வைக்கோல் நான் பார்த்துக்கொள்கிறேன். பதிவு முடிந்ததும் எனக்கும் ஒரு நகல் வேண்டும், வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடு.

ஒலிக்காரி_பெரம்பூர்

அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள் தம்பி, இல்லாவிட்டால் ஜிப் செய்து அனுப்புங்கள். குரல் செய்தியாகப் போனால் ஓபஸ் என்ற வடிவத்தில் சுருங்கித்தான் போய்ச் சேரும்.